பங்களா பாயிலரும் சுடுதண்ணிப் பழியும்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் எலக்ட்ரீசியனாக இருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கொழுந்து உருட்டுகிற ரோதை ஓடவில்லை என்றாலும், ஆபீசில் பல்பு எரியவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த வருடம் தோட்ட மேலாளரான துரையின் பங்களாவில் குழந்தை பிறந்தது. அதுவரை அங்கே விறகடுப்பில்தான் குளிக்கத் தண்ணீர் காய்ச்சினார்கள். குழந்தைக்காகத் துரை கொழும்பிலிருந்து மின்சார பாயிலர் ஒன்றை வரவழைத்தார். அதைப் பொருத்தியவன் நான். பாயிலருக்கு மின்சாரம் போகும்போது நடைச் சுவரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரியும். தண்ணீர் சுட்டதும் டக்கென்று ஒரு சத்தம் கேட்டு விளக்கு அணையும். முதல் நாள் துரையின் மனைவி, துரைசானி, அந்த விளக்கைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார்.

நான்கு நாள் கழித்து ஆள் அனுப்பினார். போய் நின்றேன். விளக்கு எரிந்தது. நூறு எண்ணுவதற்குள் டக். அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிந்தது. காலையிலிருந்து மாலை வரை இப்படியே என்றார். தண்ணீரோ வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது. அந்த அம்மா சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் பியூஸைப் பார்த்தேன். வயர்களை இறுக்கினேன். குழாய் மூட்டுகளைத் தடவித் தடவிப் பார்த்தேன், எங்கும் ஈரமில்லை. பைப்புகளுக்குப் புது வாஷர் போட்டேன். ஒன்றும் மாறவில்லை.

துரைசானி தோட்டத்துத் தமிழில் கேட்டார். "யாராச்சும் சுடுதண்ணி எடுக்கிறதா? குசினியில பைப்பு இருக்கு. தண்ணி எடுத்தா, பச்சைத் தண்ணி உள்ள வரும். அப்ப விளக்கு எரியும். சரிதானே?"

கேள்வியில் நியாயம் இருந்தது. வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"இருக்கலாம்ங்க" என்றேன்.

குசினியில் பாத்திரம் கழுவி, துணி துவைக்க ஓர் அக்கா இருந்தார். கணவரை இழந்தவர். ஏழெட்டு வருடமாகப் பங்களாவில் வேலை. நான் பாயிலர் பொருத்திய அன்று எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்ததும் அவர்தான். மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்கள். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டே நாளில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது: பங்களாவில் சுடுதண்ணி திருடினாளாம்.

ஒரு வாரம் போனது. அக்கா போன பிறகும் விளக்கு அப்படியேதான் என்று துரைசானி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை சமையல்கார அப்புவையும் மற்றவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, எல்லாப் பைப்புகளையும் தானே மூடினார். பிறகு நாங்கள் இருவரும் நடையில் நின்று விளக்கையே பார்த்தோம். எரிந்தது. டக். அணைந்தது. மறுபடி எரிந்தது.

"ஒருத்தரும் தண்ணி எடுக்கல்ல" என்றார் அவர், மெதுவாக.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு பாயிலரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு குறுகிய குழாய். தண்ணீரின் சூட்டை அறிந்து மின்சாரத்தை நிறுத்துகிற கம்பி அதற்குள்தான் இருக்கும். கம்பியை வெளியே இழுத்தேன். நுனி வளைந்திருந்தது. குழாயின் அடியைக் குடைந்தபோது எண்ணெய்க் கறையோடு ஒரு துணிப்பந்து வந்தது. என் துணிதான். பாயிலரை மலை மேலே தூக்கி வந்தபோது தூசி போகாமலிருக்க அந்தக் குழாய்க்குள் நானே அடைத்து வைத்தது. எடுக்க மறந்துவிட்டேன். பொருத்திய அன்று கம்பி முழுதாக இறங்கவில்லை. நான் பலமாக அழுத்தித் திருகினேன். அது குழாய்க்குள்ளேயே வளைந்து, தண்ணீரைக் காய்ச்சுகிற எலிமென்ட் இருக்கும் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டது. எலிமென்ட் சுட்ட உடனே தண்ணீரே சுட்டுவிட்டதாக எண்ணி மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தது.

"என்ன அது?" என்று பின்னாலிருந்து துரைசானி கேட்டார்.

"கம்பி வளைஞ்சிருந்திச்சிங்க" என்றேன். துணிப்பந்து என் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

கம்பியை நிமிர்த்தி ஒழுங்காக இறக்கினேன். விளக்கு நீண்ட நேரம் நின்று எரிந்தது. ஆவி பறக்கத் தண்ணீர் வந்தது. அவர் நன்றி சொன்னார். நான் கீழே இறங்கினேன்.

பாதை திரும்புமிடத்தில் கொழுந்து நிறுக்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அந்த அக்கா கடைசியில் நின்றார். கெண்டைக்காலில் அட்டை கடித்த இடங்களில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. ஏழெட்டு வருடம் பழக்கம் விட்டுப்போன கை. கூடையில் பாதிதான் இருந்தது. அவருக்கு முன்னால் நின்றவள் தன் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி அவர் கூடையில் போட்டாள். அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் என்னைத் தாங்கமுடியாமல் செய்தது.

திரும்பி மேலே ஏறினேன். துணிப்பந்தைத் துரைசானியின் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணிப்பந்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ சொன்னது ஒரு வார்த்தை. அனுப்பினது நான்" என்றார். "அவளை வரச் சொல்லு."

அன்று மாலையே லயத்துக்குப் போனேன். அக்கா வாசலில் காலுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நடந்ததையும், துரைசானி வரச் சொன்னதையும் சொன்னேன்.

"தொரசாணிகிட்ட சொல்லிட்டீங்க, சரி தம்பி. இங்க இருக்கவங்களுக்கு யாரு சொல்லுவா? தண்ணி எடுக்கப் பீலிக்கரைக்குப் போனாக்கூட, சுடுதண்ணி வேணுமான்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. நீங்க பெரட்டுக்கு வந்து சொல்லுங்க."

மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்துக்குப் போனேன். வேலைக்குப் பேர் கொடுக்கத் தோட்டமே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றது. கணக்கப்பிள்ளையிடம் அனுமதி கேட்டுவிட்டு, நடுவில் நின்று சொன்னேன். "அக்கா சுடுதண்ணி எடுக்கல. பாயிலர தப்பா மாட்டினது நான். காரணம் தெரியாமலே அவங்க மேல பழி விழ விட்டதும் நான்தான்."

"இத்தன நாளு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள். சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். அக்கா யாரையும் பார்க்காமல் இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கண்களைத் துடைத்ததை மட்டும் பார்த்தேன்.

பங்களாவுக்கு அவர் திரும்பவே இல்லை. "இனிமே அங்க ஒரு கரண்டி காணாமப் போனாலும் எம் மூஞ்சியத்தான் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டாராம். துரைசானி இரண்டு முறை ஆளனுப்பிப் பார்த்தார். துரை என்னைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அக்காவின் கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் நான் மேலும் மூன்று வருடம் இருந்தேன். லயத்துப் பக்கம் போகும்போது சில நாள் அவரே கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா தம்பி என்பார். சில நாள் என்னைப் பார்த்தும் பாராததுபோல் உள்ளே போய்விடுவார். அப்படிப் போன நாட்களிலும் எனக்கு அவர்மேல் வருத்தம் வந்ததில்லை.