ரைஸ் குக்கருக்கு மூன்று வாரம், துப்பாக்கிக்கு மூன்று நிமிஷம்

போன சனிக்கிழமை காலை, ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், நான் ஒரு துப்பாக்கிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

வடைமாலை காரின் பின் சீட்டில் இருந்தது. ஐம்பத்து நாலு வடை, நூலில் கோத்து, எவர்சில்வர் டப்பாவில். "கோயிலுக்குப் போற வழிதானே, பத்து நிமிஷ வேலை" என்று சொல்லித்தான் இவர் வண்டியைத் திருப்பினார்.

இவரை உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைவிட இவரைத்தானே அதிகம் பிடிக்கும்! ஒரு ரைஸ் குக்கர் வாங்க மூன்று வாரம் எக்ஸெல் ஷீட் போட்ட மனுஷன். கறிவேப்பிலைச் செடி வாங்கப் போன இடத்தில், "பட்டுப்போனா ரிட்டர்ன் எடுத்துப்பீங்களா?" என்று கேட்டவர். ப்ளஸ் டூவோடு நின்றுபோன என் தமிழை வாராவாரம் சிவப்புப் பேனாவால் கிழித்துத் தருகிறவரும் இவர்தான்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஐந்து மாசமாக இவருக்கு வேலை இல்லை.

நான் எழுதவில்லை. கோயிலில் சொல்லவில்லை. ஊரில் இருக்கிற மாமியாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலுக்கு ஆபீஸ் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவார். "நல்லா இருக்கியாப்பா?" "நல்லா இருக்கோம்மா." அவ்வளவுதான் கால். ராத்திரி தூக்கமில்லை. தட்டில் போட்டது பாதி அப்படியே இருக்கும். கேட்டால், "ஒண்ணுமில்ல, விடு."

இந்த நிலைமையில்தான் பக்கத்துக் காலனியில் இரண்டு வீட்டில் திருட்டு. நம்மவர்கள் வீட்டில் நகை இருக்கும் என்று தெரிந்தே வருகிறார்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பேச்சு. அன்றைக்கு ஆரம்பித்தார்.

"சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம் சுகுணா. கையடக்கமா. தினம் இடுப்புல வெச்சுக்கிட்டா சட்டைக்குள்ள இருக்கறதே தெரியாது. டெக்சஸ்ல யார்தான் வெச்சுக்கல?"

"பூஜை ரூம்ல இருக்கற அத்தனை சாமி கையிலயும் ஆயுதம் இருக்கு. அது பத்தாதா உங்களுக்கு?" என்றேன்.

பழைய இவராக இருந்தால், "அதுக்கெல்லாம் லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டிருப்பார். நானும் பயந்தாங்கொள்ளிதானே... திருடன் வந்தால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

கடையில் இருந்தது ஒரு வெள்ளைக்கார அம்மா. பெயர் டானா. அறுபது வயசு இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. பச்சைத் துணியை விரித்து மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். பார்த்தால் பொம்மை மாதிரி இருந்தன. அவர் இங்கிலீஷில் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

"சின்னது மறைக்க ஈஸி, சுடறது கஷ்டம். கையில குதிக்கும். பெருசு சுட ஈஸி, ஆனா ரெண்டு நாள் சுமப்பீங்க, மூணாம் நாள் வீட்டுலயே வெச்சுட்டுப் போயிடுவீங்க. நடுவுல உங்களுக்குப் பொருந்தறதைத் தேடணும். கையில பிடிச்சுப் பாருங்க. சுண்டு விரலுக்கு இடம் இருக்கா? கார்ல உட்கார்ந்தா குத்துமா? எப்பவும் எந்த மாதிரி சட்டை போடுவீங்க? விசையை முழுசா மூடற உறை கட்டாயம் வேணும். பின்னாடி சுட்டுப் பழகற இடம் இருக்கு, மூணையும் வாடகைக்கு எடுத்துப் பாருங்க. அவசரமே இல்ல."

அடடா, இவருக்கென்றே பிறந்த கடைக்காரம்மா! இனி எக்ஸெல் ஷீட்டுக்கு எத்தனை கட்டம் போடுவாரோ... ஆஞ்சநேயா, இன்றைக்கு உனக்கு மத்தியானம்தான் வடை என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் எதையும் கையில் எடுக்கவில்லை. முதலில் இருந்ததைக் காட்டி, "இது போதும்" என்றார்.

"பிடிச்சுப் பார்க்கலையா?"

"தேவையில்ல."

"உறை?"

"வேண்டாம்."

"தினம் இடுப்புல வெச்சுக்கத்தானே கேட்டீங்க?"

"வீட்டுல இருந்தா போதும்."

விலை கேட்கவில்லை. ரிட்டர்ன் கேட்கவில்லை. மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ரொம்ப நாள் வைத்துக்கொள்ளப் போகிற பொருளைத்தானே மனுஷன் தடவிப் பார்ப்பான், குறை சொல்வான், பேரம் பேசுவான்? என் வீட்டுக்காரர் எதையும் இப்படி வாங்கினதே இல்லை. திருடனுக்காக வாங்கியிருந்தால், இந்நேரம் திருடன் எந்தப் பக்கமாக வருவான் என்பதற்கும் ஒரு கட்டம் போட்டிருப்பார்.

டானா இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். "வீட்டுல எல்லாரும் எப்படி இருக்கீங்க? யாருக்காவது மனசு கஷ்டம், அந்த மாதிரி...?"

"வீ ஆர் ஆல் ஃபைன்" என்றார் இவர்.

நல்லா இருக்கோம்!

பிள்ளை ஃபெயிலானாலும் நல்லா இருக்கோம். ஆபரேஷன் ஆகி ஐசியுவில் படுத்திருந்தாலும் நல்லா இருக்கோம். நமக்கெல்லாம் பேச்சு வரும்போதே கூட வந்த வார்த்தை அது. என் வாயிலும் அதுதான் வந்து நின்றது. "யெஸ், ஃபைன்" என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். கையில் வடைமாலை கட்டின நூலின் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தேன். எப்படி வந்ததோ தெரியாது.

"நோ மேடம். நாட் ஃபைன். ஹீ நாட் ஸ்லீப்பிங். ஹீ நாட் ஈட்டிங். ஜாப் கான். ப்ளீஸ்... நோ கிவ்."

"சுகுணா! என்ன உளர்ற நீ? வாய மூடு."

டானா மூன்றையும் எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினார். "நாட் டுடே, சார்" என்றார். இவர் வேகமாக வெளியே போய்விட்டார். டானா கவுன்ட்டரைச் சுற்றி வந்து என் கையில் ஒரு கார்டை வைத்தார். மனசு விட்டுப் பேச எந்நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு நம்பர். அதோடு ஒரே ஒரு வாக்கியம்.

"என் தம்பியும் ஃபைன்னுதான் சொன்னான்."

காரில் ஏறினதும் ஆரம்பமானது.

"யாரோ ஒருத்தி முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட. திருப்தியா?"

"என்னங்க... அது திருடனுக்குத்தானே?"

"பின்ன யாருக்கு?"

"அப்ப சொல்லுங்க. பின்னாடி சாமிக்கு வெச்சது இருக்கு. அதைத் தொட்டு, திருடனுக்குத்தான்னு சத்தியம் பண்ணுங்க. நான் உங்க கால்ல விழறேன்."

இவர் இண்டிகேட்டர் போட்டார். ஃப்ரீவேயை விட்டு இறங்கினார். கோயில் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினார். சத்தியம் மட்டும் பண்ணவில்லை.

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு நான் மட்டும் உள்ளே போனேன். ஆஞ்சநேயர் சன்னதி முன்னால் நின்றேன். பன்னிரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் நிற்கிற இடம். ஒரு ஸ்லோகம் நினைவுக்கு வரவில்லை. பட்டர் மாலையை வாங்கிக்கொண்டு, "என்னம்மா, லேட்? சார் வரலையா? நல்லா இருக்காரா?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

சாமி காப்பாற்றினார் என்று நீங்கள் சொல்வீர்கள். அன்றைக்குக் காப்பாற்றினார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் அதே மாதிரி இன்னும் இரண்டு கடை இருக்கிறது. இரண்டிலும் ஒரு டானா இருப்பாரா? நான் எத்தனை நாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பேன்?

ஆஸ்டினில் படிக்கிற மகள் மீராவிடம் போனில் சொன்னேன். "ஐ'ம் கமிங் ஹோம்" என்றாள். சாயங்காலமே வந்துவிட்டாள். என்னை மாதிரி சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. அப்பா எதிரில் உட்கார்ந்து நேராகக் கேட்டாள். இவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "அம்மாக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றார். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் அழைத்துப் போனோம். வந்தார், அது பெரிய விஷயம். டாக்டர், "ஹௌ ஆர் யூ?" என்றார். இவர், "ஃபைன்" என்றார். நானும் மீராவும் ஒரே குரலில், "நாட் ஃபைன்!" என்று கத்தினோம். பக்கத்து ரூம் வரைக்கும் கேட்டிருக்கும். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். வாரம் ஒருநாள் கவுன்சலரோடு உட்கார்ந்து பேச வேண்டும். மாத்திரை வேலை செய்ய நாளாகுமாம். அதுவரைக்கும்? தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டர். விடவில்லை. இவர் பாத்ரூம் போனால்கூட நான் வாசலில் துணி மடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று இவரிடமே கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். திட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

எழுதி முடித்ததும், வழக்கம்போல் சிவப்புப் பேனாவோடு மேஜையில் வைத்தேன். கோயிலைப் பற்றி எழுதும்போதெல்லாம் நான் 'சன்னதி' என்றுதான் எழுதுவேன். பன்னிரண்டு வருஷமாக, ஒரு தடவை விடாமல், "சந்நிதி! எத்தனை வாட்டி சொல்றது உனக்கு?" என்று அடித்து எழுதுவார். இந்த முறை தெரிந்தேதான் 'சன்னதி' என்று போட்டேன்.

கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "சரியா இருக்கு. அனுப்பு" என்றார்.

மேலே நீங்கள் படித்ததும் 'சன்னதி'தான். வேண்டிக்கொள்ளுங்கள்.