எழுப்பப்படாத நாற்பத்தொரு கார்கள்

ஒஸ்லோவில் ஒரு கணினி மையத்தில் பதினோரு ஆண்டுகளாக நிரல் எழுதிவந்த தூர்டிஸ், கணவரை அடக்கம் செய்த நான்காம் நாளே மேசைக்குத் திரும்பினார். அது ஜனவரி. மார்ச்சில் அவர் கையிலிருந்தது, ஹெல்விக் கடற்கழியைக் கடக்கும் வாகனப் படகுகளின் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரி நிரல். இரண்டு படகுகளில் ஒன்றை நிறுத்தலாமா என்று மாவட்ட நிர்வாகம் கேட்டிருந்தது. அக்கரையில் மருத்துவமனை கிடையாது.

நிரலில் ஒவ்வொரு காரும் படகும் தனக்கென நடத்தை கொண்ட தனிப்பொருள். வரிசையில் காத்திருக்கும் கார் தூங்கும், படகு எழுப்பினால்தான் நகரும். நிரலின் கடிகாரம் நொடி நொடியாக நகராது. ஒரு நிகழ்விலிருந்து அடுத்ததற்குத் தாவும். இடைப்பட்ட நேரம் இல்லாத நேரமே. ஜனவரிக்குப் பிறகு தூர்டிஸுக்கும் அப்படித்தான்: அலுவலகம் மூடியது, அலுவலகம் திறந்தது.

ஒரே படகு போதும், சராசரிக் காத்திருப்பு ஒன்பது நிமிடம் என்று திங்களன்று அறிக்கை போயிற்று. வெள்ளியன்று மாவட்டக் கூட்டம். புதன் மதியம், பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றபடியே அவர் கணினி தந்த அச்சுத்தாளில் ஒரு கழித்தல் போட்டார். வந்த கார்கள் 412, கடந்தவை 371.

"நாப்பத்தொண்ணு குறையுது," என்றார்.

எதிர்மேசை ஐவின்ட் சிரித்தார். "என்ன தூர்டிஸ், கடல்ல தள்ளிட்டியா?"

"தூங்குது. யாரும் எழுப்பல."

படகு ஏற்றத் தொடங்கியதும் வரிசை முழுவதையும் கலைக்குமாறு அவர் எழுதியிருந்தார். இடம் கிடைக்காத கார்கள் மீண்டும் வரிசையில் சேரவேயில்லை. எழுப்புவாரின்றிக் கிடந்தன, கடக்காததால் சராசரியிலும் வரவில்லை.

"அறிக்கைதான் போயாச்சே. கமுக்கமா இரேன். யாரு எண்ணிப் பாக்கப் போறா?"

"நான் எண்ணிட்டேனே."

நிரலைத் தாங்கிய துளையட்டைகளில் நான்கை மாற்றி, அட்டைக்கட்டைக் கணினி அறையில் கொடுத்தார். மறுநாள் காலை வந்த சராசரி முப்பத்தெட்டு நிமிடம். தூர்டிஸ் மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசினார்.

"எங்க அறிக்கை தப்பு. ஒரு படகு போதாது. தப்பு என்னோடது."

மறுமுனை அதிகாரி கேட்டார்: "ஏம்மா, திங்கக்கிழமை இது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியல."

"சரி. நாளைக்குக் கூட்டத்துப் பட்டியல்லேர்ந்து இத எடுத்துடுறேன். ரெண்டு படகும் ஓடட்டும். திருத்தினத எழுத்துல அனுப்புங்க."

ஐவின்ட் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப மனசு லேசாச்சா?"

அந்த லேசு வருகிறதா என்று தூர்டிஸ் சற்றுக் காத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"தெரியல," என்று சொல்லி, திருத்த அறிக்கைக்குத் தாளைத் தட்டச்சுப்பொறியில் செருகினார்.