மேஜரின் முன்பற்கள்

ஆப்பிளை அவர் கடிப்பதில்லை. பள்ளி வாசலில் வேனை நிறுத்திவிட்டு, மடக்குக் கத்தியால் மெல்லியதாகச் சீவி, ஒவ்வொரு துண்டாக வலது கன்னத்துக்குள் தள்ளுவார். "கடிக்கிற வேலை கத்திக்கு, மெல்லுற வேலை எனக்கு" என்பார். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் கிடையாது. அதனால் 'சீட்ல உக்காரு' என்று அதட்டினால் பாதி விசிலாக வரும். பிள்ளைகள் அதைக் கேட்பதற்காகவே எழுந்து நிற்பார்கள்.

எங்கள் தெருவுக்கு அவர் 'மேஜர்'. ராணுவத்தில் லாரி ஓட்டியவர். மேஜர்களை ஏற்றி இறக்கியதுதான் அந்தப் பதவியோடு அவருக்கு இருந்த தொடர்பு. மலைப்பாதையில் ஒருநாள் டயர் மாற்றும்போது ஜாக்கியின் கம்பி நழுவி வாயில் அடித்தது. பற்கள் அங்கேயே விழுந்தன. தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். கட்டுப் பிரித்த மறுவாரம் வண்டி எடுத்தார்.

வயது ஏறியதும் தாடை வலிக்கத் தொடங்கியது. பக்கத்துப் பற்களும் ஆடின. "பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கலாம்னா, கடிக்கப் பல்லு வேணுமே!" என்று சிரித்தபடியேதான் ஊன ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார். வயதாலும் பராமரிப்புக் குறைவாலும் பற்கள் விழுந்திருக்கின்றன, பணிக்குத் தொடர்பில்லை என்று பதில் வந்தது.

இல்லை என்றதை அவர் தாங்கிக்கொண்டார். 'பராமரிப்புக் குறைவு' தான் தைத்துவிட்டது. வேனின் சக்கர மூடியைக்கூடத் துணி வைத்துத் துடைக்கிற மனிதர். "என்னையப் போய் ஒழுங்கா வெச்சுக்கலைன்னு சொல்லிட்டானுங்களே" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. அந்த வாரம் முழுக்க வேனில் விசில் கேட்கவில்லை.

மனைவிதான் விடவில்லை. "பல்லு போனா சொல்லு போகும்பாங்க. இந்த மனுஷனுக்குச் சொல்லும் போயிட்டா நான் யார்கூட சண்டை போடறது? மேல்முறையீடு பண்ணுங்க" என்றார். விசாரணை நாளில் எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் துணைக்குப் போனேன்.

"வேலையை விட்டு வரும்போது ஏன் சொல்லலை?" என்று கேட்டார் நடுவில் இருந்த அதிகாரி.

"வீட்டுக்குப் போற சந்தோஷம் சார். வாயெல்லாம் சிரிப்பா நின்னேன். பல்லு எங்கன்னு ஒருத்தரும் கேக்கலை."

அதிகாரி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். ஓரத்தில் இருந்த பல் மருத்துவர், இளம்பெண், எழுந்து வந்து மேஜரின் தாடையோரமாகக் கட்டைவிரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க எலும்பு ஒடைஞ்சு சேர்ந்திருக்கே?"

"ஆமாம்மா. டயர் மாத்தறப்போ ஜாக்கிக் கம்பி பண்ண வேலைதான்."

"வயசானா பல்லு விழும் சார், தாடை ஒடையாது" என்று அதிகாரியிடம் சொன்ன மருத்துவர், எக்ஸ்ரேக்கு அனுப்பினார். படத்தில் பழைய முறிவு தெளிவாகத் தெரிந்தது. அதை வைத்துத் தேடியதில், தாடையைக் கட்டிய ராணுவ மருத்துவமனைக் குறிப்பும் கிடைத்தது.

முடிவைச் சொல்ல அடுத்த மாதம் கூப்பிட்டார்கள். ஓய்வூதியம் உண்டு, செயற்கைப் பல்லுக்கும் சிகிச்சைக்கும் செலவு அவர்களுடையது. அடிபட்டது பணியில்தான் என்று எழுதியிருந்ததை மேஜர் என்னை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, இனிமேலாவது வாயை மூடிக்கிட்டு வீட்டுக்கு வாங்க" என்றார்.

திரும்பும்போது வாசல்வரைகூட நாங்கள் போகவில்லை. நடைபாதை பெஞ்சில் ஒருவர் கன்னத்தைக் கையால் தாங்கியபடி, தன் முறைக்காகக் காத்திருந்தார். பார்த்தாலே தெரிந்தது, அவரும் பட்டாளத்து ஆள். மேஜர் மனைவியின் கையில் பையைக் கொடுத்தார். அந்த மனிதரை ஒட்டி உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க, வாயைத் தொறங்க பாப்போம்."