கலைவாணன் வீட்டு இரட்டைக்குழல்

தேர்தல் அறிவிப்பு வந்தால் முசரவாக்கம் கலைவாணன் துப்பாக்கியை உறையில் போட்டு, பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் புறப்பட்டுவிடுவார். உரிமம் வைத்திருப்பவர்கள் ஒப்படைத்தாக வேண்டும் என்பது உத்தரவு. முடிவு வந்ததும் போய்த் திரும்ப வாங்கி வருவார். இரண்டு பயணத்திலும் டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்ப்பது அவருக்குப் பிடிக்கும்.

வேர்க்கடலைக் கொல்லைக்குள் வரும் பன்றியை விரட்ட அவருடைய அப்பா வாங்கிய இரட்டைக்குழல் அது. கொல்லையை மனைக்கட்டாகப் போட்டு விற்றவரே கலைவாணன்தான். பன்றி போய்விட்டது, துப்பாக்கி மட்டும் கௌரவமாகத் தங்கிவிட்டது.

ஆயுத பூசையன்று அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு. சாமி முன்னால் எதையும் வெறுமையாக வைக்கக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அளக்கிற படியில் அரிசி, பணப்பெட்டியில் மஞ்சள். போன வருடம் கலைவாணன் துப்பாக்கியிலும் ஒரு தோட்டாவைப் போட்டு வைத்தார். சாமிக்குக் குறை வைக்கக்கூடாது என்று கவலைப்பட்டவர், தோட்டாவை எடுக்க மறந்தார். மறுநாள் மனைவி பொன்னி சந்தனத்தைத் துடைத்தபோது விரல் விசையில் பட்டது. குண்டு சுவரில் பாய்ந்தது. அந்தச் சத்தத்தில் பொன்னியின் வலது காது அன்றோடு கேட்காமல் போயிற்று. மருத்துவமனையில் கேட்டதற்கு, காதருகே பட்டாசு வெடித்துவிட்டது என்றார்கள். தீபாவளி நெருக்கம், யாரும் மேலே கேட்கவில்லை.

இந்தத் தேர்தல் முடிந்து, கலைவாணன் துப்பாக்கியை எடுக்கக் கிளம்பியபோது பொன்னி வாசலில் நின்றாள்.

“அது ஊட்டுக்கு வந்தா நான் திருப்புட்குழிக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் அதுகிட்டயே சோறு கேளு.”

அவர் அவளுடைய இடது காதுப் பக்கம் போய், “அப்பா பொருள்மா,” என்றார்.

“காது என் பொருள்.”

நிலையத்தில் ரைட்டர் சாமுவேல் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். “கையெழுத்துப் போட்டு எடுத்துக்கினு போப்பா.”

கலைவாணன் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். “ஒரு டவுட்டு சார். எலெக்‌ஷன் டைம்ல இது ஆபத்துன்னு வாங்கி வெக்கிறீங்க. முடிஞ்சதும் குடுத்துடறீங்க. ஆபத்து எங்க போச்சு?”

“என்னக் கேட்டா? ஆர்டர் போட்டவங்களக் கேளு.”

“சரி, அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் இங்கயே இருக்கட்டுமே.”

“ஸ்டேஷன் என்னா உங்க ஊட்டுப் பரணா? வேணாம்னா, லைசென்ஸையே ஒப்படைக்கிறேன்னு கலெக்டருக்கு மனு எழுது. காரணம் போடணும்.”

கலைவாணன் மனுவை ஆரம்பித்தார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. மனைவியின் காது என்று எழுதினால் வழக்கு வருமா? எழுதாவிட்டால் வேறு என்ன காரணம்? எடுத்துக்கொண்டு போனால் அப்பா இருப்பார், பொன்னி இருக்க மாட்டாள். ஊரைக் காக்கிற சட்டம் வாக்குப்பதிவு வரைக்கும்தான் விழித்திருக்குமா? ஒன்றும் விளங்கவில்லை.

“இன்னாப்பா, பரீட்சையா எழுதற?” என்றார் சாமுவேல். “தேவை இல்லன்னு போடு. போதும்.”

“எப்பலேர்ந்து தேவை இல்லன்னு கேட்டா?”

“யாரும் கேக்க மாட்டாங்க. வேணும்னு கேட்டாதான் ஏன் எதுக்குன்னு குடைவாங்க. அதுவும் மொதல் தடவதான்.”

‘தேவை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து பைக்கைக் கிளப்பினால், முன்பக்கம் லேசாக இருந்ததில் வண்டி ஒரு பக்கமாக இழுப்பது போலிருந்தது. டீக்கடையில் யாரும் எழுந்திருக்கவில்லை. செய்தது சரியா, அப்பாவுக்குத் துரோகமா என்று ஊர் வரும்வரை பிடிபடவேயில்லை.

பொன்னி அவர் கையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். உள்ளே போய், கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்துப் புடவைகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். கலைவாணன் அவளுடைய வலப்பக்கம் நின்று என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கம் மாறி நிற்க வேண்டும் என்று அவருக்கு வெகுநேரம் தோன்றவில்லை.