பதற்றப் படிவமும் நான் நீக்கிய வரியும்

வைட்ஃபீல்டில், கம்பெனிகளுக்கு ஊழியர் மனநலக் கணக்கெடுப்பு செய்து கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். புள்ளியியல் படித்தவள் என்பதால், கேள்வித்தாள் சரியாக அளக்கிறதா என்று சோதிப்பது என் பொறுப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

1. லைனில் டிக் அடித்த நாள்

பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரி. தையல் வேலை செய்யும் பெண்களுக்குத் தமிழில் பதற்றக் கேள்வித்தாள் கொடுத்தோம். 'படபடப்பாக இருக்கிறது' மாதிரி பல கேள்விகள். நடுநடுவே 'மனம் அமைதியாக இருக்கிறது' மாதிரி சில நேரெதிர் கேள்விகள். படிக்காமல் டிக் அடிப்பவர்களை இவைதான் காட்டிக்கொடுக்கும். ஸ்கோர் அதிகம் வந்தவர்களைக் கவுன்சிலர் கூப்பிட்டுப் பேசுவார் என்பது ஏற்பாடு.

நான் போனபோது சூப்பர்வைசர், லைன் என்று சொல்லும் மெஷின் வரிசையின் நடுவில் நின்றுகொண்டு, "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போடுங்கம்மா. சீக்கிரம், டார்கெட் நிக்குது" என்றார். அடுத்த லைன் சூப்பர்வைசருக்குக் கொஞ்சம் தாராள மனசு. அங்கே எல்லாவற்றுக்கும் 'எப்பவாவது'.

செல்வி என்ற பெண் மட்டும் ஒவ்வொரு கேள்வியாகப் படித்து எழுதினாள். படிவத்தைக் கொடுக்கும்போது மெல்லச் சொன்னாள்: "மெஷின்ல உக்காந்தாலே நெஞ்சு அடைக்குது மேடம். உள்ளத உள்ளபடி போட்டிருக்கேன். கூப்பிடுவாங்கல்ல?"

"கண்டிப்பா கூப்பிடுவாங்க" என்றேன்.

2. ஆல்ஃபா ஏறிய கதை

கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். அது படுத்துவிட்டது. எந்தக் கேள்விகள் சேர்ந்து போகின்றன என்று காட்டும் ஃபேக்டர் அனாலிசிஸில் நேரெதிர் கேள்விகள் தனிக் கூட்டமாகப் பிரிந்து நின்றன. பின்னே, படபடப்பும் இல்லை, அமைதியும் இல்லை என்று லைன் முழுக்க எழுதினால் வேறு என்ன வரும்? மறுபடி எடுக்க வேண்டும் என்று எங்கள் மேனேஜரிடம் சொன்னேன்.

"நமக்காக லைன நிறுத்துவாங்களா? அந்த நேரெதிர் கொஸ்டின்ஸ தூக்குங்க. ஆல்ஃபா தானா ஏறும்."

ஏறியது. பிறகு கிராஃபைப் பார்த்தார். "இது என்ன, ஒரு புள்ளி மட்டும் மேல தனியா நிக்குது?"

படிவத்தை எடுத்து ஊழியரின் டோக்கன் நம்பரைப் பார்த்தேன். செல்வி. "இவங்க மட்டும்தான் படிச்சு எழுதினாங்க சார்."

"அவுட்லையர். எடுத்துடுங்க. கிளையன்ட் கேள்வி கேப்பான்."

ஃபைலில் அவள் பதில்கள் இருந்த வரியை எடுத்துவிட்டேன். கவுன்சிலருக்குப் போகும் பட்டியலும் அந்தச் சுத்தம் செய்த ஃபைலிலிருந்துதான் போகும் என்று எனக்குத் தெரியும். பட்டியலில் ஒரு பெயரும் இல்லை. ஃபேக்டரிக்காரர்களுக்குப் பரம சந்தோஷம்.

3. பஸ் ஸ்டாப்

சில மாதம் கழித்து, பொம்மனஹள்ளி பஸ் ஸ்டாப்பில் செல்வியே என்னைப் பார்த்துவிட்டு வந்தாள். லைனில் மயங்கி விழுந்தாளாம். உடம்பு முடியவில்லை, நானாகவே விலகுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

"யாரும் கூப்பிடல மேடம். 'இல்லை'ன்னு போட்டவங்க எல்லாம் வேலைல இருக்காங்க. நான் எதாவது தப்பா எழுதிட்டேனா?"

"இல்லம்மா" என்றேன்.

ஒரு வரியை நீக்கும் முன் படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். நல்ல பாடம்தான். நானும் எடுத்துப் பார்த்தேன். யாருடையது என்று தெரிந்த பிறகுதான் நீக்கினேன்.