பதினைந்து மைல் கனி

கண் மங்கிவிட்டதாம்! யார் சொன்னது? எதிர்ச்சாரி முருங்கையில் ஓணான் உட்கார்ந்திருப்பதை வீட்டுக்குள் இருந்தபடியே காட்டிக்கொடுத்த மனிதர் என் வீட்டுக்காரர் முகம்மது கனி. கை நடுங்குகிறது, பயம் பிடித்துவிட்டது, பெண்டாட்டிக்கு அடங்கி அடங்கி அவர் ஓட்டும் பஸ்ஸும் அடங்கிவிட்டது என்றெல்லாம் பாலக்கரைத் தெருக்குழாயில் பேசினார்கள். கடைசியில் சொன்னது சுத்தப் பொய். எனக்கு அவர் அடங்கியிருந்தால் பஸ் பறந்திருக்கும். வேகமாகப் போங்கள் என்று அவரை விரட்டிய முதல் ஆளே இந்த நஜ்முன்னிசாதான்.

காந்தி மார்க்கெட்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் போகும் பஸ் அவருடையது. முதலாளி வேறு ஆள். ஆனால் அவருடையது என்றுதான் நான் சொல்வேன். டிரைவராவதற்கு முன் ஆறு வருடம் அதே மார்க்கெட்டில் வெங்காய மூட்டை சுமந்தார். கூடச் சுமந்தவர் மருதை. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார், மருதை மூட்டையோடேயே இருந்தார். வருடம் அறுபத்தொன்றோ அறுபத்திரண்டோ, தலைச்சுமையோடு நடந்த மருதையை ஒரு லாரி தட்டிப்போட்டது. ஒரு கால் போயிற்று.

அதற்குப் பிறகு, மார்க்கெட்டிலிருந்து கடைவீதி முடியும்வரை இருபத்தைந்து மைல் வேகம் கூடாது, பதினைந்துதான் என்று பலகை நட்டார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. பல்பொடி விளம்பரம் என்று நினைத்து, "ஒரு படங்கூடப் போடல பாருங்க" என்று அவரிடமே குறை சொன்னேன். மற்ற டிரைவர்களுக்கு எழுத்துத் தெரியும். அவர்களும் அதைப் பல்பொடி விளம்பரமாகத்தான் நடத்தினார்கள். இவர் ஒருவர்தான் அந்தப் பலகையை மதித்தார். பின்னால் வந்த பஸ்கள் முந்திப் போய் ஆட்களை அள்ளிக்கொண்டன. 'பதினைந்து மைல் கனி' என்று பேராயிற்று.

அந்தச் சமயத்தில் சிந்தாமணிப் பக்கம் ஒரு நிக்காஹ். பக்கத்து வீட்டு ஆரிஃபா அக்காவும் நானும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினோம். பார்த்தால் இவர் வண்டி! கடைவீதியில் வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. மாடு திரும்பி வேறு பார்த்தது.

"டிரைவரண்ணே, எறங்கி வெத்தல வாங்கிட்டு வந்து ஏறிக்கிறேன். நீங்க நிறுத்த வேணாம்!" என்றார் ஒருவர்.

ஆரிஃபா அக்கா என் விலாவில் இடித்தார். "ஏ நஜ்மு, ஓட்டுறது உன் வீட்டுக்காருதானே?"

"யாரு கண்டா? முதுகப் பாத்தா எல்லா டிரைவரும் ஒண்ணுதான்" என்றேன். சொன்னது போதவில்லை என்று தோன்றியது. துப்பட்டிக்குள்ளிருந்தே குரல் கொடுத்தேன். "யாருங்க டிரைவரு? வண்டிய ஓட்டுறீங்களா, தாலாட்டுறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் பிலோமின்ராஜ் என்னிடம் வந்து, "மெதுவாப் பேசுங்கம்மா. பாவம், அவருக்கு வீட்லயும் இதே பாட்டுத்தானாம்" என்றார்.

அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னிக்கு பஸ்ஸுல ஒரு பொம்பள கத்துனா. கொரலு நல்லா கணீர்னு இருந்துச்சு" என்றார். அவர் கேட்காமலேயே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். இருந்தாலும் விடவில்லை. "ஊரே பறக்குது, உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றேன்.

கை கழுவிவிட்டு வந்தார். மூலையில் இருந்த அரைமூட்டை அரிசியைத் தூக்கி என் தலையில் வைத்தார்.

"இப்பத் திரும்பிப் பாரு."

முடியவில்லை. கழுத்து என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று.

"சரி, நட." நடந்தேன். பின்னாலிருந்து வாயாலேயே "பாம்!" என்று ஹாரன் அடித்தார். நான் பதறி எந்தப் பக்கம் ஒதுங்கினேன் என்று கேட்காதீர்கள். தண்ணீர்க்குடம் உடைந்தது.

"மூட்ட தூக்குறவனுக்குக் கழுத்து கெடையாது புள்ள. அவனுக்கும் சேத்து நான்தான் பாக்கணும். வேகத்துல போனா என்னத்தப் பாக்குறது?" என்றார்.

புத்தியுள்ள பெண் அதோடு வாயை மூடியிருப்பாள். எனக்குப் பாதி புத்திதான். மறுநாள் குழாயடியில் ஆரிஃபா அக்கா, "கனித் தம்பிக்குக் கண்ணு மங்கிடுச்சாமே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சுமைகூலிக்காரர்களுக்காக மெதுவாக ஓட்டுகிறார் என்று சொன்னால் சிரிப்பார்களே என்று எனக்கு வெட்கம். "கண்ணுக்கென்ன? வண்டியிலதான் பிரேக்கு சரியில்லயாம். இவரு கெட்டிக்காரத்தனத்துலதான் ஓடுது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். பிரேக் பஸ்ஸுக்கு உள்ளே இருக்குமா வெளியே இருக்குமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் அந்த பஸ்ஸில் ஏற ஆளில்லை. நான்காம் நாள் காலையில் முதலாளி அனுப்பி, மேனேஜர் எங்கள் வாசலில் நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"கனி பாய், பிரேக் பத்தி உங்க வீட்ல சொன்னது பொய்னு ஷெட்டுல வந்து சொல்லிடுங்க. அப்புறம், மார்க்கெட்லேருந்து ஸ்ரீரங்கம் இனிமே முப்பது நிமிஷத்துல போயாகணும். ரெண்டுக்கும் சரின்னா வேலை இருக்கு."

"பொய்னு இப்பவே சொல்றேங்க. அவ பஸ் ஏறுனதே நாலு தடவ. அதுல ஒரு தடவ என்னையே திட்டுனா. முப்பது நிமிஷம் மட்டும் முடியாதுங்க."

"பலகை நட்டவன் வந்து பாக்கவா போறான்?"

"பலகை இல்லாட்டியும் முடியாதுங்க."

மேனேஜர் போய்விட்டார். இவர் காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்தார். பெட்டியிலிருந்து பழைய துண்டை எடுத்து உதறி, மூட்டைக்கு அடியில் வைக்கும் சும்மாடாகச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த வயசுல மூட்ட தூக்கப் போறீங்களா? எல்லாம் என் வாயால வந்தது. ஓடிப்போயி சரின்னு சொல்லிட்டு வாங்க" என்று அழுதேன்.

"உன் வாய் இல்லாட்டியும் இது வந்திருக்கும் புள்ள. ஒரு மாசம் கழிச்சு வந்திருக்கும். அவ்வளவுதான்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

நான் குழாயடிக்குப் போனேன். ஆரிஃபா அக்கா குடத்தோடு என்னைப் பார்த்தார்.

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நான் சொன்னதுதான் பொய். வேகமா ஓட்ட மாட்டேன்னுட்டாரு, வேலை போச்சு" என்று சொன்னேன். தெருக்கோடியில் இருந்தவர்களுக்காக இன்னொரு தடவையும் சொன்னேன்.