பட்டன் போன் கடைக்காரர்

அன்று குன்னூர் செல்போன் கடையில் மூன்று பேர்தான் இருந்தோம்: கடைக்காரர், தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா, நான். மப்ளர் சுற்றிய ஒல்லியான கடைக்காரரின் கட்டைவிரல், சட்டைப் பையிலிருந்த பட்டன் போனைச் சும்மா அழுத்திக்கொண்டே இருந்தது.

அக்கா டச் போன் கேட்டார்.

"கொழுந்துக் கறை புடிச்ச வெரலுக்கு டச் வேலை செய்யாதுங்கக்கா. பட்டன் போன் எடுத்துக்குங்க."

"அதுல திருப்பூர்ல இருக்கற எம்புள்ள மொகம் தெரியுமாங்க?"

 அக்கா எதுவும் வாங்காமல் போய்விட்டார். அலமாரி நிறைய விற்காத பட்டன் போன்கள். நான் கேட்டேன்.

"இத்தனையும் எதுக்குங்க வாங்குனீங்க?"

"பட்டனுக்கு அழிவில்லைன்னு கம்பெனியே சொல்லுச்சுங்க. ஒலகத்துக்கே போன் வித்தவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சேன். அவங்க கம்பெனிய வித்துட்டுப் போயிட்டாங்க. கடன் எம்பேர்லயே நிக்குதுங்க."

எட்டாவதோடு நின்ற நானும் பெரியவர்கள் சொன்னால் நம்புகிறவன்தான். அதனாலோ என்னவோ, அவர் சொன்ன கடன் தொகை இன்னும் மறக்கவில்லை: மூன்று லட்சம்.